எங்கள் வீட்டுச் சண்டை மீன்

நாய்க்கு உடல்நலம் குன்றினால் முனகும். பசு தீனியை வெறுத்து நிற்கும். கோழி இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் ஒதுங்கும். மனிதனுக்கோ தலைவலி வந்தால் போதும், வீட்டில் உள்ள அனைவரும் எழுந்துகொள்ள வேண்டும். மீனுக்கு மட்டும் முனகக் குரலில்லை. மூடிக்கொள்ள இமையும் இல்லை. அதன் துன்பத்தை நாம்தாம் பார்த்து அறிய வேண்டும். அவ்வாறு பார்த்து அறிந்த சில செய்திகளை, மீன் வளர்க்கும் ஆசை கொண்ட மாணவச் செல்வங்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் கூறலாம் என்றே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். நான் மீன் வளர்ப்பில் தேர்ந்தவள் அல்லள். நம் பள்ளியின் நான்காம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவனின் தாய், அவ்வளவே.

டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு ஒன்றில் நாங்கள் வாழ்கிறோம். எங்கள் எதிர்வீட்டுக் குடும்பத்தினர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் புறப்பட்டனர். சாமான் ஏற்றிய லாரியில் மீனுக்கு இடமில்லை. "தம்பி பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி, மிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடிப் புட்டி ஒன்றை என் மகன் கையில் கொடுத்துச் சென்றனர். இரண்டு லிட்டர் நீர் கொள்ளும் அப்புட்டிக்குள் நீல நிறச் சண்டை மீன் ஒன்று இருந்தது. மலாய்க்காரர் இதனை 'இக்கான் லாகா' என்பர். கடைகளில் 'பெட்டா' என்று கேட்டால் கொடுப்பர்.

அதற்குப் பெயர் வைத்தவர் என் தந்தையார். அவர் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 32 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இப்போது எங்களுடன் இருக்கிறார். புட்டியைச் சற்று நேரம் உற்று நோக்கியவர், "இவருக்குத் தனி பங்களா வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, வந்தால் முகம் சிவந்து சண்டைக்கு வருவார். நம் தோட்டத்துத் துரை மாதிரியே இருக்கிறார்" என்றார். அன்று முதல் அதற்குத் 'துரை' என்பதே பெயராயிற்று. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் துரை நலமாக இல்லை. அதனை முதலில் கண்டுகொண்டவரும் என் தந்தையாரே. விசிறி போல் விரிந்திருக்க வேண்டிய வால், ஓரம் கிழிந்த பழந்துணி போல் இருந்தது. கிழிசலின் நுனிகள் கருத்திருந்தன. துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு புட்டியின் அடியில் படுத்துக் கிடந்தது. நெடுநேரத்திற்கு ஒருமுறை தள்ளாடி மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு மீண்டும் கீழே சரிந்தது. உணவு மணி ஒன்றைப் போட்டால் வாயில் வாங்கும்; பின்னர் உமிழ்ந்துவிடும். "இது தூக்கமன்று, நோய்" என்றார் தந்தையார்.

மேலே வந்து காற்றைக் குடித்தது என்றேனே, அதனைச் சற்று விளக்கிவிட்டு மேற்செல்வது நலம். எல்லா மீன்களும் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களால் பிரித்தெடுத்துச் சுவாசிக்கும். சண்டை மீனுக்குச் செவுள்களோடு மற்றோர் உறுப்பும் உண்டு. தலைக்குள்ளே, செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்த அவ்வுறுப்பில் வெளிக்காற்றை நிரப்பி அதிலிருந்தும் உயிர்வளியைப் பெறும். நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு. அங்கே வாழ்வதற்கு இயற்கை அளித்த உதவி இது. நாம் கருவாடாகச் சமைக்கும் இக்கான் செப்பாட்டுக்கும் இவ்வுறுப்பு உண்டு. தமிழ்நாட்டுக் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. 1791ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அதிகாரி, குளத்தருகே ஒரு பனைமரத்தின் தண்டில், நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் அம்மீன் ஒன்றைப் பிடித்ததாக இலண்டனில் உள்ள அறிஞர் கழகத்திற்கு எழுதினார். மரமேறும் மீன் என்ற செய்தி ஐரோப்பாவில் பெரும் வியப்பை விளைத்தது. அது மெய்யாகவே ஏறியதா என்ற வாதம் பிற்காலத்தில் எழுந்தது. நீரைவிட்டு வெளியே வெகுநேரம் உயிர்வாழ வல்லது என்பதில் மட்டும் ஐயமில்லை.

நம் பினாங்குக்கும் இம்மீன் குடும்பத்தின் வரலாற்றில் ஓர் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணிபுரிந்த தியோடர் காண்டர் என்பவர் மலாயா நாட்டு மீன்களைப் பற்றி 1849இல் எழுதிய நூலில், பினாங்கில் கிடைத்த ஒரு மீனுக்குப் 'பக்னாக்ஸ்' என்று பெயரிட்டார். சண்டைக்காரன் என்பது அதன் பொருள். வேடிக்கை என்னவென்றால், மலையோடைகளில் வாழும் அம்மீன் பெரிய சண்டைக்காரனன்று. முட்டைகளைத் தன் வாய்க்குள்ளே வைத்துக் காக்கும் பொறுப்புள்ள தந்தை அது. கடைகளில் விற்கப்படும் சயாம் நாட்டுச் சண்டை மீனுக்கு 'ஸ்ப்ளெண்டென்ஸ்' என்ற தனிப்பெயரை ரீகன் என்னும் அறிஞர் 1910இல் சூட்டினார். நம் நாட்டு வயல்களிலும் கான்களிலும் காணப்படும் சிறிய சண்டை மீனுக்கு 1975இல் 'இம்பெல்லிஸ்' என்ற பெயர் வந்தது. போர்க்குணமற்றது என்று அதற்குப் பொருள். தோட்டத்துச் சிறுவர்கள் கான்களில் கைவிட்டுப் பிடித்துப் புட்டிகளில் அடைத்து வைத்தவை பெரும்பாலும் இவைதாம். நம் வடக்கு அண்டை நாடான தாய்லாந்து 2019இல் சண்டை மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. அங்குள்ள பண்ணைகளில் வளர்க்கப்படும் இம்மீன்கள் உலகெங்கும் செல்கின்றன. சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலும் புட்டிகளில் இவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருப்பர்.

அப்புட்டிகளைப் பார்ப்பவர், இம்மீனுக்கு ஒரு கிண்ணம் நீர் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். காற்றைக் குடிக்கும் ஆற்றலே அதற்கு வினையாக முடிகிறது. மற்ற மீன் எனில் அந்த நீரில் ஒரு நாளில் மாண்டுபோகும்; நாமும் நீர் கெட்டது என்று அறிந்துகொள்வோம். சண்டை மீனோ மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கெட்ட நீருக்குள்ளே பல வாரம் பொறுத்திருக்கும். பொறுத்திருப்பதை வாழ்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மறுநாள் மாலை, புட்டி நீரில் சிறிதளவை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு நானும் மகனும் வண்ண மீன் கடை ஒன்றுக்குச் சென்றோம். மருந்து வாங்கி வருவதே எங்கள் நோக்கம். அங்கிருந்த சீனப் பெரியவர், அலமாரியில் இருந்த மஞ்சள் மருந்தையோ நீல மருந்தையோ எடுக்கவில்லை. குப்பி நீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஏதோ சொட்டுகளை விட்டுச் சில நிமிடம் காத்திருந்தார். மஞ்சளாக இருந்த நீர் மெல்லப் பச்சையாகி, பிறகு கரும்பச்சையாயிற்று. "ஆயர் டூலு, ஊபாட் கெமூடியான்" என்றார். முதலில் தண்ணீர், மருந்து பிறகு என்று பொருள். மருந்து விற்கும் கடைக்காரரே அவ்வாறு கூறியதால் எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு ஏற்பட்டது.

கரும்பச்சை நிறம் காட்டியது அம்மோனியா என்னும் நஞ்சை. மீனின் கழிவும் உண்ணாது கிடந்து அழுகும் உணவும் அம்மோனியாவாக மாறும். அது செவுளையும் தோலையும் அரிக்கும். ஆற்றிலும் வயலிலும் நல்ல நுண்ணுயிர்கள் பல உண்டு. அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதிய கண்ணாடித் தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் குடியேறி நிலைபெற ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு லிட்டர்ப் புட்டியிலோ, வடிகட்டி இல்லாமையால் அவை தேவையான அளவு தங்குவதற்கே இடமில்லை. அத்தகைய நீரில் வலிமை இழந்த மீனின் வாலைப் பாக்டீரியாக் கிருமிகள் பற்றிக்கொள்கின்றன. துரைக்கு வந்தது இந்தத் துடுப்பழுகல் நோயே. அந்நீரிலேயே வைத்துக்கொண்டு மருந்தை ஊற்றுவது, புகை சூழ்ந்த அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு இருமலுக்குக் கஷாயம் குடிப்பது போலாகும்.

எல்லா நோயும் இதுவன்று என்பதையும் அப்பெரியவர் சொல்லித் தந்தார். உடலெங்கும் உப்புத்தூள் தூவியது போல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது வேறு நோய். பொன்தூள் தூவியது போல் மங்கிய மினுமினுப்புத் தோன்றினால் மற்றொன்று. அவற்றுக்குத் தக்க மருந்து வேண்டும். வயிறு வீங்கிச் செதில்கள் எல்லாம் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டுவிட்டன என்று பொருள். அதிலிருந்து மீள்வது அரிது. நம் வீட்டில் மீந்திருக்கும் மனிதர்க்குரிய மாத்திரைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது மட்டும் எந்நாளும் கூடாது என்று இருமுறை சொன்னார்.

பத்து லிட்டர் நீர் கொள்ளும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், குளோரினை நீக்கும் சொட்டு மருந்து ஒரு குப்பியும் வாங்கி வந்தோம். குழாய் நீரில் கிருமியைக் கொல்வதற்காகக் குளோரின் கலக்கின்றனர். அது நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு ஆகாது. நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பர். வெறும் குளோரினுக்கு அது சரி. அதனை அம்மோனியாவுடன் சேர்த்துக் குளோரமினாகக் கலக்கும் ஊர்களில் ஒருநாள் வைத்தாலும் போகாது. ஆகவே சொட்டு மருந்தே பாதுகாப்பானது.

துரையைப் புதிய நீரில் அப்படியே கொட்டிவிடவில்லை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அரைக் கோப்பை புதிய நீரைப் பழைய புட்டியில் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கிய பின்னரே பெட்டிக்கு மாற்றினோம். பெட்டியில் நீரைப் பாதியளவுக்கே நிரப்பினோம். நோயுற்ற மீன் காற்றைக் குடிக்க மேலே வர வேண்டுமல்லவா? நீர் ஆழமாக இருந்தால் அந்த ஏற்றமே அதற்குப் பெரும் உழைப்பாகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படவில்லை. 27, 28 பாகை வெப்பம் இம்மீனுக்கு ஏற்றதே. வெயில் நேரே படாத இடமாகப் பார்த்து, கூடத்து மேசையின் மீது பெட்டியை வைத்தோம்.

பிறகு உப்பு. நான்கு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, மட்டமாக. எங்கள் பெட்டியில் இருந்தது ஐந்து லிட்டர். நாள்தோறும் கால் பங்கு நீரை எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். எடுத்த நீரோடு போன உப்புக்கு மட்டுமே புதிதாக உப்புச் சேர்க்க வேண்டும். இல்லையேல் நாளுக்கு நாள் உப்பு ஏறிவிடும். எவ்வளவு சேர்ப்பது? என் மகன் பின்னக் கணக்கில் அவ்வளவு நாட்டம் உள்ளவனல்லன். ஆனால் அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து அமர்ந்து, ஒன்றேகால் தேக்கரண்டியின் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியின் மூன்றில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்தான். சரியா என்று மூன்று முறை என்னிடம் கேட்டான். தேர்வுக்கு அவன் அப்படிக் கேட்டதில்லை. உப்பைத் தனிக் கோப்பையில் கரைத்த பின்னரே ஊற்ற வேண்டும். பத்து நாளுக்கு மேல் தொடரவும் கூடாது.

முதல் மூன்று நாள் யாதொரு மாற்றமும் இல்லை. நான்காம் நாள் காலை, துரை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. மகன் பள்ளிச் சீருடையுடன் மேசை அருகே நின்றுவிட்டான். "அம்மா, செத்துவிடுமா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றான்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது, "பாட்டி வந்துவிடுவார்" என்றே உற்றார் உறவினர் அனைவரும் அவனுக்குக் கூறி வந்தனர். பாட்டி வரவில்லை. குழந்தை மனம் நோகக்கூடாது என்ற அன்பினால் பெரியவர்கள் அவ்வாறு கூறினர்; அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அவன் அதனை மறக்கவில்லை என்பதை அந்த நொடியில் உணர்ந்தேன். "பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். எனக்குத் தெரியாது, ஐயா. நீரை மாற்றுவது மட்டும்தான் நம்மால் ஆகும்" என்றேன். அவன் அழவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீரை மாற்றினான். அன்று பள்ளி வாகனத்தை நிறுத்தி வைத்த ஓட்டுநருக்கு நான் நன்றி கூறவேண்டும்.

அவன் பள்ளியில் இருந்த நேரமெல்லாம் என் தந்தையார் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். தாயார் போன பின்பு அவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்று மாலை பேரன் வந்ததும் பேசினார். பால்மரத்தைப் பற்றிப் பேசினார். "கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவன் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவான். சில ஆண்டு விட்டால் அதே இடத்தில் புதுப்பட்டை வந்துவிடும், மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டுவிட்டால் காயம் விழும். அந்த இடத்தில் முண்டு முண்டாகத்தான் வளரும். துரையின் வாலைப் பார். ஓரம்தான் போயிருக்கிறது. அடிவரைக்கும் போகவில்லை. அடி நன்றாக இருந்தால் வளரும்" என்றார். பின்னர் மீன் கடைப் பெரியவரிடம் இதனைச் சொன்னபோது, அவரும் அதுவே சரி என்றார். அழுகல் உடலைத் தொடாதவரை துடுப்பு மீண்டும் வளரும். புத்தகம் படியாத என் தந்தையாருக்கு மரம் கற்பித்த பாடம் அது.

ஆறாம் நாள் துரை நிமிர்ந்து நீந்தியது. ஏழாம் நாள் ஒரு மணி உணவை விழுங்கியது. ஒரே ஒரு மணி! எங்கள் வீட்டில் அதற்காக நடந்த ஆரவாரத்தைக் கேட்டு மேல்மாடிக்காரர் என்னவென்று விசாரித்தார். சண்டை மீனின் இரைப்பை ஏறத்தாழ அதன் கண்ணளவே என்பர். ஆகையால் நலமுள்ள மீனுக்கும் காலை இரண்டு, மாலை இரண்டு மணிகள் போதும். வாரத்தில் ஒருநாள் பட்டினியும் நல்லதே. மீனை வளர்க்கும் பிள்ளைகள் அன்பினால் உணவை அள்ளிப் போடுவர். மீதி உணவு அம்மோனியாவாகும் என்பதை மேலே கூறினேன்.

உப்பை நிறுத்திய பிறகு கெத்தாப்பாங் இலை போட்டோம். தமிழில் நாட்டு வாதுமை என்பர். கடற்கரை ஓரங்களில் குடை விரித்தாற்போல் அடுக்கடுக்காக நிற்குமே, அந்த மரம். தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையே வேண்டும். பச்சை இலை கூடாது. சாலையோரத்துப் புகை படிந்ததும் மருந்து தெளித்த இடத்ததும் ஆகா. பத்து பெரிங்கிக் கடற்கரைக்குச் சென்ற உறவினர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். கழுவி ஒரு துண்டு போட்டால், ஓரிரு நாளில் நீர் தேயிலைச் சாயம் போலாகும். இலையின் துவர்ப்புப் பொருள் கிருமிகளின் பெருக்கத்தை ஓரளவு தடுக்கும். இலை உதிர்ந்த சதுப்பு நீரில் வாழ்ந்து பழகிய இனத்திற்கு அந்நிறம் அமைதியையும் தரும். மருந்துக்கு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். தீங்கில்லாத் துணை.

இரண்டாம் வார முடிவில் வாலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய விளிம்பு ஒன்று தோன்றியது. நிறமே இல்லை. நோய் பரவுகிறதோ என்று அஞ்சினோம். அதுவே புதிய தசை. நிறம் பிறகு வரும் என்று அறிந்தபின் நிம்மதி அடைந்தோம். தந்தையார் ஒவ்வொரு நாளும் காலையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பட்டை வந்திருக்கிறதா பார்ப்போம்" என்று மேசைக்குச் செல்வார்.

மீன் தேறியதும் வேறொரு தொல்லை வந்தது. எங்கள் மாடியில் உள்ள பெரிய பையன்கள் சிலர், தங்கள் மீனோடு துரையை மோதவிட்டுப் பார்க்கலாம் என்றனர். ஒருவன் இருபது வெள்ளி தருவதாகவும் கூறினான். நம் மக்களிடையே இது புதிதன்று. என் தந்தையாரே சிறுவயதில் லயத்தின் பின்புறம் மீன் சண்டை விட்டவர்தாம். அதனை மறைக்கவும் இல்லை. ஆண் மீன்கள் இரண்டு ஒரே நீரில் சந்தித்தால் செவுள் மூடிகளை விரித்து, நிறம் கறுத்து, ஒன்றன் துடுப்பை மற்றொன்று கடித்துக் கிழிக்கும். காட்டு நீர்நிலையில் தோற்றது ஓடிவிடும். புட்டியில் ஓட இடமேது? மகன் பையன்களிடம் என்ன கூறுவானோ என்று நான் கதவருகே நின்று கேட்டேன். அவன் நீதி எதுவும் பேசவில்லை. "வால் வளர 41 நாள் ஆயிற்று. நீங்கள் திருப்பி வளர்த்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்டான். பையன்கள் சிரித்துக்கொண்டே சென்றுவிட்டனர். அவர்களுள் ஒருவன் மறுவாரம் தன் மீனின் வாலையும் பார்த்துச் சொல்லும்படி வந்து நின்றான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். மீனுக்காக வாளிகளில் நீர் பிடித்து வைப்போர் அதனைக் கட்டாயம் மூடி வைக்க வேண்டும். திறந்த வாளி நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏழெட்டு நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும். டிங்கிக் காய்ச்சலின் கொடுமையை நாம் அறிவோம். கொசு பெருக இடமளிப்பது நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். மீன் உள்ள தொட்டியில் அந்தக் கவலை இல்லை. கொசுப்புழு துரைக்குத் திருநாள் விருந்து.

மற்றொன்று, வளர்க்க முடியவில்லை என்று மீனைக் கானிலோ பினாங்கு ஆற்றிலோ விட்டுவிடுதல். அதனை விடுதலை என்று சிலர் எண்ணுகின்றனர். நீண்ட வாலோடு பண்ணையில் பிறந்த மீன் அங்கே பிழைப்பது கடினம். பிழைத்துவிட்டாலோ, நம் நாட்டு இம்பெல்லிஸ் மீனோடு கலந்து அவ்வினத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும். கேட்டுப் பார்த்தால் மீனை வாங்கிக்கொள்ளும் வீடு எங்கேனும் இருக்கவே செய்யும். எங்கள் எதிர்வீட்டார் அப்படித்தானே எங்களிடம் கொடுத்தனர்? துரை தேறிய செய்தியை அவர்களுக்குத் தெரிவித்தபோது, அந்த வீட்டுச் சிறுமி மீனைத் தொலைபேசியில் காட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது துரைக்குப் பதினைந்து லிட்டர்க் கண்ணாடித் தொட்டியும், மெல்ல நீரை ஓடவிடும் சிறிய வடிகட்டியும் உண்டு. வாலின் இடப்புறம் ஒரு மூலை முழுமையாக வளரவில்லை. இனி வளரும் என்றும் தோன்றவில்லை. நீந்துவதற்கு அது தடையாக இல்லை. சென்ற மாதம் நீரின் மேற்பரப்பில், இலைத் துண்டின் அடியில், சிறு சிறு நுரைக் குமிழ்களைச் சேர்த்துக் கூடு கட்டத் தொடங்கியது. முட்டைகளை வைத்துக் காப்பதற்காக ஆண் மீன் கட்டும் கூடு அது. பெண் மீன் இல்லாவிடினும் கட்டும். "துரைக்குக் கலியாண ஆசை வந்துவிட்டது" என்று தந்தையார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாயிற்று.

மகன் முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேடு எழுதி வருகிறான். நோயுற்ற நாள்களில் ஒவ்வொரு பக்கமும் நிறைந்திருக்கும்: எத்தனை முறை காற்றுக் குடித்தது, எத்தனை மணி உணவு, உப்பு எவ்வளவு, வாலின் படம். இப்போது அதில் எழுதுவதற்கு அதிகம் இல்லை. "சனிக்கிழமை. நீர் மாற்றினேன். துரை சாப்பிட்டார்" என்பதே வாரந்தோறும் காணப்படும் வரி.